கறித்தூள் ஆலைக்கு எத்தனை கட்டம்? உற்பத்தி மென்பொருளை அமைக்கும் மூன்று வழிகள்

யாழ்ப்பாணத்தில் சிறிய உணவுத் தொழிற்சாலை நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கறித்தூள், மிளகாய்த்தூள், ஒடியல் மா, நெல்லி ரசம், வடகம் என்று பத்துப் பதினைந்து பேரை வைத்து வேலை செய்யும் இடங்கள். இதுவரை கணக்கெல்லாம் கொப்பியில் இருந்திருக்கும். இப்போது கொழும்பு சுப்பர்மார்க்கெட்காரர் தொகுதி இலக்கம், அதாவது பட்ச் நம்பர், கேட்கிறார். லண்டனுக்குப் பெட்டி அனுப்புபவர் ‘இந்தத் தூள் எந்த மிளகாயில் அரைத்தது?’ என்று விசாரிக்கிறார். சரி, மென்பொருள் போடுவோம் என்று முதலாளி முடிவெடுக்கிறார்.

அதன்பிறகு எல்லாரும் கேட்பது, உற்பத்தியையும் களஞ்சியத்தையும் கணக்கு வைக்கும் மென்பொருள்களில் ஓடூ நல்லதா, ஈஆர்பிநெக்ஸ்ட் நல்லதா என்பதுதான். அதற்கு முன்பே தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சாக்கில் வந்து இறங்கும் மூலப்பொருள் பக்கற்றாக வெளியே போகும்வரை நடக்கும் வேலையை எந்தெந்த இடத்தில் வெட்டி, எத்தனை கட்டங்களாக மென்பொருளுக்குள் வைக்கப்போகிறீர்கள்? இது சரியாக அமைந்தால் இரண்டு மென்பொருளும் நன்றாகவே வேலை செய்யும். பிழைத்தால், மூன்று மாதத்தில் எல்லாரும் கொப்பிக்கே திரும்பிவிடுவார்கள்.

எங்கள் கறித்தூளையே எடுத்துக்கொள்வோம். செத்தல் மிளகாய்க்குக் காம்பு முறிக்கவேண்டும். மல்லியைச் சுளகில் புடைத்துக் கல், மண் எடுக்கவேண்டும். சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் எல்லாம் தெரிந்தெடுத்து, தேவையானதை வெயிலில் போட்டு எடுக்கவேண்டும். ஒவ்வொன்றும் வறுபடும் நேரம் வேறு என்பதால் வேறுவேறாக வறுக்கவேண்டும். ஆறவிட்டு, கருவேப்பிலையும் சேர்த்துக் கலந்து, அரைத்து, அரிதட்டில் அரிக்கவேண்டும். அரைக்கும்போது தூள் சுடும். அதை மறுபடி ஆறவிடவேண்டும். அப்புறம் நிறுத்து, பக்கற்றில் போட்டு, ஒட்டி, லேபல் போட்டு, பெட்டியில் அடுக்கவேண்டும். வேலை என்று எண்ணினால் ஒரு டசினுக்குக் குறையாது. ஒரு டசின் வேலை இருக்கிறது என்பதற்காக மென்பொருளில் ஒரு டசின் கட்டம் போடவேண்டுமா என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

பலகையும் அட்டையும்

முதல் வழி எளிது. ட்ரெலோ போன்ற செயலியில் ஒரு பலகை. அதில் ‘சுத்தம்’, ‘காயவைத்தல்’, ‘வறுத்தல்’, ‘அரைத்தல்’, ‘பக்கற்’, ‘அனுப்பத் தயார்’ என்று நிரல்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் அட்டை. வேலை நகர நகர அட்டையை அடுத்த நிரலுக்கு இழுத்து விடுவார்கள். இந்த அட்டை முறை ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ உருவாக்கிய கான்பானிலிருந்து வந்தது. ஆனால் பலர் நிரல்களை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் உயிரை விட்டுவிடுகிறார்கள். ஒரு கட்டத்தில் இத்தனை அட்டைக்கு மேல் நிற்கக்கூடாது என்ற எல்லைதான் அந்த உயிர். அரைக்கும் மெசின் ஒன்றுதான் இருக்கிறதென்றால் அதற்கு முன்னால் ஆறு தொகுதி வறுத்துக் குவித்துப் பயனில்லை. வறுத்த மல்லி திறந்து கிடக்கக் கிடக்க வாசம் போய்விடும். எல்லை போட்டு வைத்தால், வறுக்கும் அடுப்பை எப்போது நிறுத்துவது என்பதைப் பலகையே காட்டிவிடும்.

இந்த வழியில் பழக்குவதற்கு அரைநாள் போதும். கைபேசி இருந்தால் சரி. திருப்பி அனுப்புவதும் சுலபம். சீல் சரியாக ஒட்டாத பக்கற் என்றால் அட்டையை ஒரு நிரல் பின்னால் இழுத்துவிட்டால் முடிந்தது.

ஆனால் அட்டைக்கு ஓர் இயல்பு உண்டு. அது முழுதாக ஓர் இடத்தில்தான் நிற்கும். தூள் அப்படி நிற்பதில்லை. 60 கிலோ வறுத்து, 25 கிலோ அரைபட்ட நேரத்தில் கரண்ட் போகிறது என்று வையுங்கள். அந்த 25 கிலோவை ஒருவர் பக்கற் போடத் தொடங்குகிறார். அட்டை இப்போது எந்த நிரலில் நிற்கும்? ‘வறுத்தல்’ முடிந்தது, ‘அரைத்தல்’ பாதி, ‘பக்கற்’ தொடங்கிவிட்டது. அட்டையை இரண்டாக உடைக்கலாம்தான். இப்படி நாளுக்கு நாலு தரம் உடைக்கவேண்டி வந்தால் யாரும் செய்யமாட்டார்கள், இரண்டே கிழமையில் பலகை பொய் சொல்லத் தொடங்கும். அதோடு பலகைக்கு நிறை தெரியாது, களஞ்சியம் தெரியாது. மிளகாய் எத்தனை கிலோ மிச்சம் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

ஆகவே பலகை, ஒவ்வொரு ஓடரும் முழுப்பொருளாக நகரும் இடத்துக்குப் பொருந்தும். தச்சுப் பட்டறை, அலுமினியக் கதவு யன்னல் செய்யும் இடம், அளவெடுத்துத் தைக்கும் கடை, அச்சகம். அங்கே ஓர் அலுமாரி பாதி வறுபட்டுப் பாதி அரைபடுவதில்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் மிச்சத்தை வாசிக்கத் தேவையில்லை. பலகையோடு தொடங்குங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

ஒரே ஓடர், நீண்ட வரிசை

இரண்டாவது வழியைத்தான் மென்பொருள் விற்பவர்கள் பெரும்பாலும் செய்து காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ‘கறித்தூள் 100 கிராம் பக்கற்’ என்று ஒரு முடிவுப்பொருள். அதற்குச் செய்முறைப் பட்டியல் ஒன்று. மூலப்பொருட்கள் எல்லாம் அந்தப் பட்டியலில். அதன்கீழ் வேலைகள் வரிசையாக: காம்பு முறித்தல், புடைத்தல், வறுத்தல் என்று பெட்டியில் அடுக்குவதுவரை. ஈஆர்பிநெக்ஸ்டில் அந்தப் பட்டியலில் ‘வித் ஒபரேசன்ஸ்’ என்ற தெரிவுப்பெட்டியில் சரி போட்டு, ஒவ்வொரு வேலைக்கும் அது நடக்கும் இடத்தைக் கொடுத்தால், வேர்க் ஓடர், அதாவது உற்பத்திக் கட்டளை, போடும்போது வேலைக்கு ஒன்றாக ஜொப் காட், அதாவது வேலைக் கார்ட், பிறக்கும். ஓடூவில் உற்பத்திப் பகுதியின் அமைப்புகளில் ‘வேர்க் ஓடர்ஸ்’ என்பதைத் திறந்துவிட்டால் இதே மாதிரி ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கு, நிறுத்து, முடி என்ற பொத்தான்கள் வரும். இரண்டிலும் வேலை செய்யும் இடத்துக்கு மணித்தியாலச் செலவு போடலாம். ஈஆர்பிநெக்ஸ்டில் மின்சாரம், வாடகை, கூலி என்று அதைப் பிரித்தும் போடலாம்.

இதன் பலன் நேரம். எந்த வேலை எத்தனை நிமிடம் எடுக்கிறது, எந்த இடம் நெரிபடுகிறது, ஒரு பக்கற்றுக்குக் கூலி எவ்வளவு என்றெல்லாம் தெரியும். ஆடைத் தொழிற்சாலைக்கு இது உயிர்நாடி. வெட்டுவது, ஓவர்லொக் அடிப்பது, கொலர் வைப்பது என்று ஒவ்வொன்றும் தனி ஆள், தனி மெசின். துண்டுக் கணக்கில் கூலி கொடுக்கும் இடமானால் வேலைக்கு வேலை எண்ணிக்கை இல்லாமல் சம்பளமே போடமுடியாது. அப்படிப்பட்ட இடத்துக்கு இரண்டாவது வழிதான் சரி. அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

கறித்தூள் ஆலையில் நிலைமை வேறு. பெரும்பாலானோர் நாட்கூலிக்கு நிற்பவர்கள். காலையில் காம்பு முறித்தவரே பின்னேரம் லேபல் ஒட்டுவார். வெந்தயம் வறுத்துக்கொண்டே மல்லியையும் பார்ப்பார். அவரை ஒவ்வொரு வேலைக்கும் ‘தொடங்கு’, ‘முடி’ அமத்தச் சொன்னால் என்ன நடக்கும்? சுன்னாகப் பக்கம் ஓர் ஆலையில் இதைப் பழக்கிக்கொண்டிருந்தபோது, மிளகாய் அள்ளிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கைபேசியைத் தூரத்தில் பிடித்தபடி கேட்டார்: “தம்பி, இந்தக் கையோட இதை அமத்திப்போட்டு, பிறகு ஆரும் ஃபோன் எடுத்தா முகத்தில வைக்க ஏலுமே?” அவர் கையில் விரல்நுனிவரை செக்கச்செவேலென்று தூள். திரையிலும் அதே தூள். பொலித்தீன் பைக்குள் போட்டுப் பார்த்தோம், ஈரக்கைக்குத் தொடுகை பிடிக்கவில்லை. கடைசியில் மேற்பார்வையாளர் பின்னேரம் ஐந்து மணிக்கு உட்கார்ந்து எல்லாக் கார்டையும் ஒரேயடியாக முடித்துவிடுவார். அப்படிப் பதிந்த நேரங்களிலிருந்து வரும் செலவுக்கணக்கை நம்பி விலை போட்டால், அந்த விலைக்கு அடியில் ஒன்றுமில்லை.

இன்னொரு சிக்கல், வரிசை இறுக்கமானது. ஈஆர்பிநெக்ஸ்டில் வேலைகளுக்கு வரிசை இலக்கம் கொடுத்துவிட்டால் முந்தியதை முடிக்காமல் அடுத்ததை முடிக்க விடாது. ஓடூவிலும் ஒரு வேலை முடிந்தபின்தான் அடுத்தது என்று கட்டிவைக்கலாம். கட்டாமல் விட்டால் ஒழுங்கில்லை, கட்டினால் அரித்த தூளில் கரடு கூடிவிட்டதென்று மறுபடி அரைக்க அனுப்பவேண்டிய அன்றைக்கு வழியில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. இத்தனை கட்டம் போட்டும், பொருள் எங்கே குறைந்தது என்பது தெரியாமல் போகலாம். மூலப்பொருள் தொடக்கத்தில் போகிறது, பக்கற் கடைசியில் வருகிறது. நடுவில் உள்ள கார்டுகளில் பதிவது பெரும்பாலும் நேரம். கறித்தூளின் விலையில் பெரும்பங்கு மிளகாயும் மல்லியும்தான், கூலி அதற்குப் பின்னால்தான் வரும். நேரத்தை நிமிடக்கணக்கில் பிடித்துக்கொண்டு, கிலோக்கணக்கில் போகும் மிளகாயைத் தவறவிடுவது எந்த ஆலைக்கும் கட்டுப்படியாகாது.

இடையில் இளைப்பாறும் பொருள்

மூன்றாவது வழியை நான் விரும்புகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதில் வேலையைக் கட்டமாகப் பார்ப்பதில்லை. வேலையின் நடுவில் பொருள் எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்கிறோம். அது நிற்கும் இடத்தில் அதற்கு ஒரு பெயரும் களஞ்சியத்தில் ஓர் இடமும் தொகுதி இலக்கமும் கொடுக்கிறோம். கறித்தூளுக்கு அப்படி இரண்டு இடம் உண்டு. ஒன்று, தெரிந்தெடுத்துக் காயவைத்து வாய்கட்டிய சாக்கு. மற்றது, அரைத்து அரித்து ஆறவிட்ட மொத்தத் தூள். மூன்றாவதாகப் பக்கற், அது முடிவுப்பொருள். ஆக மூன்று செய்முறைப் பட்டியல். செத்தல் மிளகாய் உள்ளே போய்க் காய்ந்த மிளகாய் வரும். காய்ந்த சரக்கெல்லாம் உள்ளே போய் மொத்தத் தூள் வரும். மொத்தத் தூளும் பையும் லேபலும் உள்ளே போய்ப் பக்கற் வரும். வறுத்தல், ஆறவிடல், அரைத்தல், அரித்தல் எல்லாம் நடுப்பட்டியலுக்குள் அடங்கிவிடும். அவற்றுக்குத் தனிப் பொத்தான் கிடையாது.

ஏன் சரியாக அந்த இரண்டு இடம்? வெட்டும் இடத்தைத் தீர்மானிக்க நான் மூன்று கேள்வி கேட்பேன். இந்தப் பொருள் இப்படியே நாளைவரை, அடுத்த கிழமைவரை கெடாமல் இருக்குமா? இதிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட பொருளுக்குப் போகமுடியுமா? இதைத் தராசில் வைத்து நிறுக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டா? இரண்டுக்காவது ‘ஓம்’ என்றால் அங்கே வெட்டலாம். வறுத்த மல்லிக்கு முதல் கேள்வியே தோற்றுவிடும், ஆறியதும் அரைக்க ஆயத்தமாக நிற்கும் சரக்கு அது. மொத்தத் தூளுக்கு மூன்றும் ஓம். அதே தூள் 100 கிராம் பக்கற்றாகலாம், 500 கிராமாகலாம், உள்ளூர் லேபலோடு திருநெல்வேலிச் சந்தைக்குப் போகலாம், வேறு லேபலோடு கப்பலேறலாம். அரைக்கும் நேரத்தில் அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது வழியில் அதை அரைக்கும் முன்பே, ‘100 கிராம் பக்கற்’ என்ற ஓடரின் கீழ் தீர்மானிக்கவேண்டியிருந்தது. நடைமுறைக்கு ஒத்துவராத வற்புறுத்தல் அது.

காயவைக்கும் கட்டத்துக்கு யாழ்ப்பாணத்தில் தனி நியாயம் இருக்கிறது. ஐப்பசியில் தொடங்கி மார்கழிவரை வடகீழ்ப் பருவமழை. சித்திரையில் ஒரே நாளில் மொறுமொறுவென்று காயும் மிளகாய் கார்த்திகையில் எத்தனை நாள் எடுக்கும் என்று எந்தக் கணினியாலும் கணிக்கமுடியாது. இரண்டாவது வழியில் இது வரிசையின் நடுவில் உட்கார்ந்துகொண்டு பின்னால் உள்ள எல்லாத் திகதிகளையும் குழப்பும். மூன்றாவது வழியில் வெயில் காலத்தில் காயவைத்த மிளகாய் களஞ்சியத்தில் ஒரு சரக்காக நிற்கும். மழைக்காலத்தில் அதிலிருந்து எடுத்து அரைப்பீர்கள். மழைக்கு முன் எவ்வளவு காயவைத்து வைக்கவேண்டும் என்ற கேள்வியை அப்போதுதான் மென்பொருளிடம் கேட்கவே முடியும்.

ஈரப்பதத்தைச் சோதிக்கவேண்டிய இடமும் அதுதான். அரைகுறையாகக் காய்ந்த மிளகாயில் பூஞ்சணம் பிடித்தால் அஃபிளாடொக்சின் என்ற நஞ்சு வரும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய்த்தூள் போன்றவற்றுக்கு அஃபிளாடொக்சின் பி1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்ந்து 10 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. ஒரு பெட்டி திரும்பி வந்தால், அதே சாக்கு மிளகாயில் செய்த மற்றப் பக்கற்கள் எங்கே என்று உடனே சொல்லத் தெரியவேண்டும். காய்ந்த மிளகாய்க்கு ஒரு தொகுதி இலக்கம், மொத்தத் தூளுக்கு ஒன்று, பக்கற்றுக்கு ஒன்று என்று இருந்தால் பின்னாலிருந்து முன்னாலும் முன்னாலிருந்து பின்னாலும் தேடலாம். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகள் லேபலில் தொகுதி இலக்கத்தைக் கேட்கின்றன. லேபலில் எண் இருந்தால் சட்டத்துக்குப் போதும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மிளகாய்ச் சாக்குவரை போகமுடிந்தால்தான் உங்கள் வாடிக்கையாளருக்குப் போதும்.

இனி நிறை. 100 கிலோ செத்தல் வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சொல்லும் எண்கள்தான். காம்பு முறித்துக் காயவைத்தபின் 92 கிலோ, அரைத்து அரித்தபின் 88 கிலோ. இந்த 88 கிலோவை 100 கிராம் பக்கற்றாகப் போட்டால் 880 பக்கற் வரவேண்டும். நிறுப்பவர் குறைந்துவிடக்கூடாதென்ற நல்லெண்ணத்தில் ஒவ்வொன்றிலும் 3 கிராம் கூடப் போட்டால் 854 பக்கற்தான் வரும். 26 பக்கற் போய்விட்டது. தொடக்கத்தில் 100 கிலோ, முடிவில் 854 பக்கற் என்று மட்டும் பார்ப்பவருக்கு இது ‘சேதாரம் கொஞ்சம் கூட’ என்று தெரியும், அவ்வளவுதான். பெரும்பாலும் காம்பைத்தான் குறை சொல்வார்கள், இல்லாவிட்டால் மிளகாய் விற்றவரை. நடுவில் 88 என்ற எண் நின்றால் கதை நேராகப் பக்கற் போடும் மேசைக்குப் போகும். தராசைச் சரிபார்த்தால் தீர்ந்தது. கட்டம் போடுவது இந்த எண்ணுக்காகத்தான்.

ஒடியல் செய்பவர்களுக்கு இந்த வழி இன்னும் பொருந்தும். தை பிறந்தபின் பனங்கிழங்கு வரும். அதைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒரே கிழங்கு, இரண்டு வழி. வாங்குவது ஒரு பருவத்தில், மா இடித்து விற்பது வருடம் முழுக்க. ஒடியல் மாவுக்கு ஒரு வரிசை, புழுக்கொடியல் மாவுக்கு இன்னொரு வரிசை என்று கிழங்கிலிருந்து பக்கற்வரை நீட்டினால் அந்த ஓடர் மாசியில் திறந்து கார்த்திகைவரை முடியாமல் கிடக்கும். ஒடியலையும் புழுக்கொடியலையும் தனித்தனிச் சரக்காக வைத்தால் காயவைக்கும் ஓடர் அந்தப் பருவத்திலேயே மூடிவிடும், மா ஓடரைத் தேவையான கிழமையில் திறக்கலாம்.

இந்த வழிக்கும் ஒரு விலை உண்டு, அதை மறைக்கக்கூடாது. களஞ்சியத்தில் பெயர்கள் கூடும். ஒவ்வொரு இடைச்சரக்குக்கும் உண்மையான ஓர் இடம், மூடியுள்ள வாளியோ இராக்கையோ, தேவைப்படும். மாதத்துக்கு ஒருதரமாவது தராசில் நிறுத்துப் பார்த்து, மென்பொருளில் உள்ள எண்ணோடு ஒப்பிடவேண்டும். இதைச் செய்ய ஆளில்லாத இடத்தில் இடைச்சரக்கு எண்கள் மெல்ல மெல்ல வானத்தில் மிதக்கத் தொடங்கும். அதோடு, ஆசைப்பட்டு நாலு ஐந்து இடத்தில் வெட்டிவிட்டால் இரண்டாவது வழியின் பாரம் அப்படியே திரும்பி வரும். இரண்டு வெட்டுக்கு மேல் போகவேண்டாம் என்பது என் கருத்து. மிகச் சிறிய இடம், காலையில் அரைத்து மாலைக்குள் விற்றுவிடும் இடமென்றால் ஒரு வெட்டுக்கூடத் தேவையில்லை.

ஆறவிடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வேலையா, காத்திருப்பா என்று பலர் குழம்புவார்கள். சூட்டோடு பக்கற் போட்டால் உள்ளே வேர்த்துத் தூள் கட்டிபடும், ஆகவே முக்கியம்தான். ஆனால் அதற்கு ஒரு கட்டம் வேண்டியதில்லை. மொத்தத் தூளைக் களஞ்சியத்துக்கு ஏற்றும் பொத்தானை ஆறிய பிறகுதான் அமத்துவது என்று ஒரு விதி வைத்தால் போதும். ஏறாத தூளைப் பக்கற் ஓடரால் எடுக்கவே முடியாதபடி அமைத்துவிடுங்கள், களஞ்சிய இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போக விடாமல் தடுக்கும் வசதி ஈஆர்பிநெக்ஸ்டில் இருக்கிறது.

எந்த மென்பொருளில் எப்படி

மூன்றாவது வழியென்று முடிவானால், ஈஆர்பிநெக்ஸ்டில் செய்முறைப் பட்டியலில் வேலைகளைச் சேர்க்காமலே விடலாம். வேர்க் ஓடரில் மூலப்பொருளை வேலைநடக்கும் களஞ்சியத்துக்கு மாற்றும் படியைத் தவிர்க்கச் சொல்லும் தெரிவுப்பெட்டி ஒன்று உண்டு. அதிலும் சரி போட்டால் பதிவது ஒரே ஒரு தரம், முடிந்தபோது. சேதார வீதத்தைப் பட்டியலிலேயே கொடுக்கலாம், வழக்கமான சேதாரம் எது, மிஞ்சியது எது என்று பிரித்துப் பார்க்க அது உதவும். ஓடூவில் களஞ்சிய அமைப்பில் உற்பத்தியை ஒரு படி, இரண்டு படி, மூன்று படி என்று தெரிவுசெய்யக் கேட்கும். பொருளை எடுத்து வைப்பது, செய்வது, செய்ததைக் கொண்டுபோய் வைப்பது என்பவைதான் அந்தப் படிகள். சிறிய ஆலைக்கு ஒரு படி போதும். மூன்று படி என்பதைப் பார்த்து அதுதான் நமது மூன்று கட்டம் என்று நினைத்துத் தெரிவுசெய்துவிடாதீர்கள், அது சரக்கின் நடமாட்டம் பற்றியது, வேறு விடயம். பட்டியலில் உள்ளதைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ மூலப்பொருள் போனால் விடுவதா, எச்சரித்து விடுவதா, தடுப்பதா என்று ஓடூவில் தெரிவுசெய்யலாம். எச்சரித்து விடுவதை வையுங்கள். மிளகாய்க்கு மிளகாய் ஈரம் வேறு, தடுத்தால் வேலை நின்றுவிடும்.

செலவு என்று பார்த்தால், ஈஆர்பிநெக்ஸ்ட் மும்பாயைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனத்தின் கட்டற்ற மென்பொருள். தரச்சோதனைப் பதிவு உட்பட எல்லாம் இலவசப் பதிப்பிலேயே வரும், சேர்வர் வாடகையும் அமைப்பவர் கூலியும்தான் உங்கள் செலவு. ஓடூவின் இலவசப் பதிப்பில் உற்பத்தியும் களஞ்சியமும் தொகுதி இலக்கமும் உண்டு. தரச்சோதனைப் பகுதியும், தொழிலாளர் தொடுதிரையில் பார்க்கும் வேலைத்தளத் திரையும் கட்டணப் பதிப்பில்தான். திரை பார்க்க ஓடூ அழகு, பழக்குவது சற்றுச் சுலபம். ஈரப்பதச் சோதனையைக் காய்ந்த மிளகாயோடு கட்டாயமாகக் கட்டிவைக்க விரும்பும் ஏற்றுமதி ஆலைக்கு ஈஆர்பிநெக்ஸ்டை நான் சொல்வேன். உள்ளூருக்கு மட்டும் விற்பவர் எதையும் எடுக்கலாம், அருகில் யாருக்கு எது தெரியுமோ அதுவே மேல்.

பதிவது யார், எங்கே என்பதையும் அன்றே தீர்க்கவேண்டும். கணினியோ டப்லெட்டோ தராசுக்குப் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும், அரைக்கும் அறைக்குள் வேண்டாம். எப்படியும் பொருள் தராசுக்கு வந்துதான் ஆகவேண்டும். நிறுப்பவர் கை சுத்தமாக இருக்கும், எண் கண்முன் இருக்கும், பொத்தான் ஒன்றுதான். கரண்ட் போன நாளுக்குத் தராசடியில் ஒரு கொப்பி வையுங்கள். திகதி, தொகுதி இலக்கம், உள்ளே போன கிலோ, வெளியே வந்த கிலோ என்று நாலு நிரல் போதும். கட்டங்கள் மூன்றாக இருந்தால் கரண்ட் வந்தபின் அதை ஏற்றப் பத்து நிமிடம் எடுக்காது.

கடைசியாக, மாற்றும் காலம். ஏற்கெனவே நீண்ட வரிசையாக அமைத்துவிட்டு இப்போது இடைச்சரக்கு முறைக்கு மாறுவதானால், ஈஆர்பிநெக்ஸ்டில் உறுதிசெய்த செய்முறைப் பட்டியலின் பொருட்களைத் திருத்தமுடியாது. புதிய பதிப்பு ஒன்று செய்து அதை வழமைப் பட்டியலாக்கவேண்டும். திறந்திருக்கும் வேர்க் ஓடர்கள் பழைய பட்டியலையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே திறந்தவை எல்லாவற்றையும் முதலில் முடித்து, பாதியில் கிடக்கும் மிளகாயையும் தூளையும் நிறுத்து, அந்த நிறைகளையே புதிய இடைச்சரக்குகளின் தொடக்க இருப்பாக ஏற்றுங்கள். இதற்குத் தைப்பொங்கலை ஒட்டிய நாட்கள் வசதி. மழை ஓய்ந்திருக்கும், காய்ந்த சரக்கு ஆகக் குறைவாக இருக்கும், நிறுத்து முடிக்க ஒரு பகல் போதும்.